டிமென்ஷியா வந்தவருக்குப் புதிதாக ஒன்றைப் பழக்க முடியுமா? செய்முறை தெரிந்தவர்கள் அளவுகளோடு எழுதுங்கள்

முதியோர்நலம்_மதுரை:

"சொல்லிக் கொடுத்தாலும் அடுத்த நிமிஷம் மறந்துடுவாங்க, பிறகு எதுக்குச் சொல்லிக் கொடுக்கணும்?" பராமரிப்புப் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் கேள்வி. பாதிதான் சரி. காலையில் என்ன சாப்பிட்டோம், நேற்று யார் வந்தார்கள் என்று நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் நினைவு, டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் முதலில் அடிபடுகிறது. அதற்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை நோய் சீக்கிரமே தொட்டுவிடுகிறது. ஆனால் இதற்குப் பின் இது வரும் என்று உடம்பு எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வதும், செய்ததற்குக் கிடைத்த பலனைப் பார்த்து மறுபடி செய்வதும் வேறு பாதைகளில் நடப்பவை. அவை அதே வேகத்தில் போய்விடுவதில்லை.

1911இல் ஜெனீவாவில் உளவியலாளர் எடுவார் கிளாப்பரேட் எழுதிவைத்த சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். கோர்சகாஃப் நோயால் நினைவிழந்த ஒரு பெண்ணுக்குக் கை கொடுக்கும்போது தன் விரல்களுக்கிடையே குண்டூசியை மறைத்து வைத்துக் குத்தினார். குத்துப்பட்டது அவருக்குச் சற்று நேரத்தில் மறந்துவிட்டது. ஆனால் மறுபடி கை நீட்டியபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத சோதனை, இருந்தாலும் அது காட்டிய உண்மை நிற்கிறது.

இதிலிருந்து வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாம் பயிற்சி கொடுக்கிறோமோ இல்லையோ, வீட்டில் பயிற்சி நடந்துகொண்டேதான் இருக்கிறது. மார்கரெட் பால்டெஸ் என்ற உளவியலாளர் முதியோர் இல்லங்களில் உட்கார்ந்து, யார் என்ன செய்தால் அடுத்து என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பதிவு செய்தார். முதியவர் உதவிக்குக் காத்திருந்தால் உடனே ஆள் வருகிறார், பேச்சு கிடைக்கிறது. தானே சட்டை மாட்டிக்கொண்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் வீடுகளிலும் அதே கதைதான். பொத்தான் துளையில் விரல் தடுமாறும்போதே "விடுங்க மாமா, நான் போட்டுவிடறேன்" என்று கை நீண்டுவிடுகிறது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் தினமும் அப்படியே நடந்தால், சும்மா நின்றால் வேலை முடியும் என்பதை அந்தக் கை கற்றுக்கொள்கிறது. சில மாதங்களில் பொத்தான் போடும் திறன் போனபின், எவ்வளவு நோயால் போனது, எவ்வளவு நம் அவசரத்தால் போனது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

பேச்சுப்பயிற்சி, செவிலியர் பணி, உளவியல் துறைகளில் இருப்பவர்கள் செய்முறையை எழுதினால் நல்லது.


பேச்சுப்பயிற்சி_கோவை:

இடைவெளி விட்டு நினைவூட்டும் முறையிலிருந்து தொடங்குகிறேன். லாண்டவரும் பியோர்க்கும் 1978இல் சாதாரண ஆட்களிடம் காட்டியது. 1980களின் பிற்பாதியில் கேமரன் கேம்ப் அதை அல்சைமர் நோயாளிகளிடம் கொண்டுவந்தார். மிதமான கட்டம் வரை பலன் தரும். செலவு ஒன்றும் இல்லை, ஒரு கடிகாரம் போதும்.

முதலில் இலக்கு. ஒரே ஒரு இலக்கு. நாளைக்கு மாறிவிடும் தகவலை எடுக்காதீர்கள். "பேத்தி எங்கே?" என்று திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு "ஆபீஸ்ல இருக்கா" என்று பழக்கினால் ஞாயிற்றுக்கிழமை அது பொய்யாகிவிடும். "பேத்தி எங்கேன்னு தெரியணும்னா எங்க பார்ப்பீங்க?" என்பதற்கு "பலகையில பார்ப்பேன்" என்று பழக்குங்கள். பலகையில் எழுதுவதை நீங்கள் தினமும் மாற்றிக்கொள்ளலாம். பதில் உடம்பு அசைவோடு சேர்ந்திருந்தால் இன்னும் நன்றாக ஒட்டும். சொல்லும்போதே பலகைவரை நடந்து தொட வையுங்கள்.

விழுந்துவிடும் பயம் உள்ளவருக்கு ஒரு உதாரணம். கேள்வி: "உட்கார்றதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" பதில்: "பின்னாடி கை வச்சு நாற்காலியைப் பிடிப்பேன்." பதிலை முதலில் நீங்களே சொல்லி, அவரைச் சொல்லவும் செய்யவும் வைத்துவிட்டு உடனே கேளுங்கள். சரியாக வந்தால் 15 வினாடி கழித்து அதே கேள்வி. பிறகு 30 வினாடி, 1 நிமிடம், 2, 4, 8, 16, 32 நிமிடம். இடையில் சும்மா காத்திருக்க வேண்டாம். கீரை ஆயலாம், பழைய படம் பார்க்கலாம், வேறு கதை பேசலாம்.

தவறினால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த நொடியே சரியான பதிலைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். 4 நிமிடத்தில் தவறினால் 2 நிமிடத்துக்கு. அங்கே சரியானதும் மறுபடி 4.

"யோசிச்சுப் பாருங்க", "நல்லா ஞாபகப்படுத்துங்க", "முதல் எழுத்து என்ன?" இதெல்லாம் வேண்டவே வேண்டாம். காரணத்தை பேட்லியும் வில்சனும் 1994இல் காட்டினார்கள். நினைவிழந்தவர் ஒரு தவறான பதிலை ஊகித்துச் சொன்னால், அது தவறு என்று திருத்தப்பட்டது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. வாயிலிருந்து வந்த சொல்லின் தடம் மட்டும் நிற்கிறது. அடுத்த முறை அதுவே முந்திக்கொண்டு வரும். நமக்கெல்லாம் தவறு செய்வதே பாடம், இவர்களுக்குத் தவறே பதிந்துவிடும்.

அடுத்த நாள் தொடங்கும்போது முதல் வேலை, எதுவும் சொல்லிக் கொடுக்காமல் அதே கேள்வியைக் கேட்பது. அடுத்தடுத்த மூன்று அமர்வுகளில் முதல் கேள்விக்கே சரியான பதிலும் செயலும் வந்தால் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். இன்று 32 நிமிடத்தைத் தொட்டதும் "வந்துவிட்டது" என்று நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்த தவறு கேள்வியை மாற்றுவது. மகன் "உட்கார்றதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" என்கிறார், மருமகள் "எப்படி உட்காரணும் அத்தை?" என்கிறார். நமக்கு இரண்டும் ஒன்று, அவருக்கு வேறு வேறு. கேள்வியை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், வேலைக்கு வரும் அம்மா உட்பட எல்லாரும் அதையே படிக்கட்டும். பதில் அவருடைய பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும். "பின்புறம் கரத்தை ஊன்றி" என்றெல்லாம் எழுதினால் வாயில் வராது. காதுக்கருவியையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். கேட்காத கேள்விக்குப் பதில் வராததை மறதி என்று எழுதிவைப்பது நிறைய நடக்கிறது.

மூன்று நான்கு தனித்தனி முயற்சிகளிலும் ஒரு நிமிட இடைவெளியைத் தாண்டவே முடியாதவருக்கு இந்த முறை இப்போது பொருந்தாது. வற்புறுத்தினால் கேள்வி கேட்கும் ஆளைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.


நரம்புநூல்:

மேலே சொன்னதற்கு ஆய்வகப் பக்கம் ஒரு அடிப்படை. கண் சிமிட்டல் கண்டிஷனிங் என்ற எளிய சோதனை உண்டு. ஒரு ஒலி கேட்கும், சுமார் அரை நொடியில் கண்ணில் மெல்லிய காற்று ஊதப்படும். பலமுறை நடந்தபின் காற்று வருவதற்கு முன்பே, ஒலிக்கே கண் மூடும். ஒலி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே காற்று வந்தால் சிறுமூளையே இதைக் கற்றுக்கொள்ளும் என்று ரிச்சர்ட் தாம்ப்சன் குழு முயல்களில் காட்டியது. ஒலி நின்று, சிறிது மௌனம் விட்டு, பிறகு காற்று வந்தால் ஹிப்போகாம்பஸும் தேவை.

டயானா உட்ரஃப்-பாக்கும் தாம்ப்சனும் 1988இல் 18 முதல் 83 வயது வரையுள்ளவர்களைச் சோதித்தார்கள். 40களிலிருந்தே கற்கும் வேகம் குறைவது தெரிந்தது. ஆகவே வயதானவருக்கு அதிக முறை வேண்டும் என்பது நோய் இல்லாவிட்டாலும் பொருந்தும். இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும் பகுதி 1953 அறுவையில் அகற்றப்பட்ட எச்.எம். என்ற நோயாளியையும் உட்ரஃப்-பாக் சோதித்தார். மெதுவாகக் கற்றார். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது கருவியோ ஆட்களோ அவருக்கு நினைவில்லை, ஆனால் பழைய எண்ணிக்கையில் சிறு பங்கிலேயே சிமிட்டல் வந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அல்சைமரில் கண்டிஷனிங் அப்படியே இருக்கும்" என்று எழுதிவிடக் கூடாது. பால் சாலமன் குழு 1991இல் அல்சைமர் நோயாளிகளிடம் இந்தச் சோதனையை நடத்தியபோது, எளிய வகையிலேயே அவர்கள் சம வயதினரைவிட மிகவும் பின்தங்கினார்கள். பின்னர் பல நாள் தொடர்ந்து கொடுத்தபோது கற்றார்கள். கற்கும் திறன் குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. ஒரே நாளில் முயன்று "வரவில்லை" என்று கைவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்று பாருங்கள்.

ஏன் குறைகிறது என்பதற்கு அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளின் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம். அதைத் தடுக்கும் ஸ்கோபலமைனைக் கொடுத்தால் நலமாக இருப்பவர்களுக்கே இந்தக் கற்றல் கெடுகிறது. ஆகவே எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். அரிப்புக்கும் சளிக்கும் வாங்கிய ஃபெனிரமைன், குளோர்ஃபெனிரமைன், தூக்கத்துக்கு டைஃபென்ஹைட்ரமைன், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின், நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில். எல்லாமே அசிட்டைல்கோலினை மறிப்பவை. ஒரு பக்கம் அசிட்டைல்கோலினைக் கூட்டும் அல்சைமர் மருந்தான டோனெபெசில் கொடுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் ஆக்ஸிபியூட்டினினும் கொடுத்தால் ஒன்று மற்றொன்றுக்கு எதிராக வேலை செய்யும். நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் தனியாக வாங்கியவை உட்பட முழுப் பட்டியலையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.


செவிலி_திருச்சி:

நான் கழிப்பறைப் பயிற்சியை மட்டும் எழுதுகிறேன். டயப்பருக்குப் போவதற்கு முன் மூன்று நாள் செலவு செய்து பார்க்க வேண்டிய விஷயம் இது.

காலை 7 முதல் இரவு 7 வரை இரண்டு மணிக்கு ஒருமுறை போங்கள். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவராகச் சொல்கிறாரா என்று கொஞ்சம் பொறுங்கள். பிறகு "துணி காய்ஞ்சிருக்கா, ஈரமா இருக்கா?" என்று கேளுங்கள். நீங்களும் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் "நல்லா இருக்கே" என்று சொல்லுங்கள். ஈரமாக இருந்தால் முகத்தைச் சுளிக்காமல் மாற்றிவிடுங்கள், பேச்சு வேண்டாம். அடுத்து, பாத்ரூம் போகலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு முறை, மொத்தம் மூன்று. அதற்கு மேல் இழுக்கக் கூடாது. போய் வந்ததும் பாராட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோ மோரோ, "இன்னும் ரெண்டு மணி நேரத்துல வர்றேன்" என்ற தகவல்.

ஒவ்வொரு முறையும் நோட்டில் குறியுங்கள். மூன்றாம் நாள் முடிவில், மொத்தம் சிறுநீர் கழித்ததில் மூன்றில் இரண்டு பங்காவது கழிப்பறையில் நடந்திருந்தால் தொடரலாம், பலன் நிற்கும். இல்லையென்றால் குடும்பத்தைக் களைப்பாக்க வேண்டாம், பகலில் துணி மாற்றும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது போதும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், ஈரமானபோது நிறையப் பேச்சும் திட்டும், காய்ந்திருக்கும்போது மௌனமும். மதுரை நண்பர் சொன்ன அதே தலைகீழ்ப் பாடம். இன்னொன்று, நனைந்துவிடும் என்று தண்ணீரைக் குறைப்பது. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வந்து, திடீர்க் குழப்பத்தில் போய் நிற்கும்.

குளியலும் இப்படித்தான். ஒருமுறை குளிர்ந்த தண்ணீர் தலையில் விழுந்தால் அடுத்த நாள் பாத்ரூம் வாசலிலேயே பயந்து நிற்பார்கள்.


யாழ்_உளவளம்:

திருச்சிச் சகோதரியின் கடைசி வரியில் கொஞ்சம் மாறுபடுகிறேன். வாசலில் தயங்குவதை எல்லாம் பழைய பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சத்தைக் கற்பதற்கு அமிக்டலா என்ற மூளைப் பகுதி வேண்டும், அல்சைமர் அதையும் விட்டுவைப்பதில்லை. அச்சக் கண்டிஷனிங் இந்நோயில் குறைவதை ஹாமன் குழு 2002இல் காட்டியிருக்கிறது. எனவே ஒவ்வொரு நாளும் புதிதாக என்ன நடக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஈரத்தரை பளபளத்துக் குழிபோலத் தெரியலாம். உடுப்பைக் கழற்றும்போது தோள்மூட்டு வலிக்கலாம். சொந்த மகளையே அடையாளம் தெரியாதபோது உடுப்பைக் கழற்றும் ஆளை எதிர்ப்பது இயல்பு.

வலியை வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு பெய்னாட் அளவுகோல் உதவும். மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, தேற்றினால் ஆறுகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளி, மொத்தம் 10. குளிக்க வைக்கும்போதே போட்டுப் பாருங்கள், சும்மா இருக்கும்போது போட்டால் 0 வரும்.

ஆனால் உணர்வு தங்கும் என்பதில் ஐயம் இல்லை. 2014இல் அயோவா பல்கலைக்கழகத்தில் 17 அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத்துண்டுகளைக் காட்டினார்கள். படத்தில் என்ன வந்தது என்பது மறந்துபோனது, மனநிலை அரை மணி நேரம் வரை தங்கியது. குறைவாக நினைவில் வைத்திருந்தவர்களுக்குச் சோகம் கூடுதலாக நீடித்தது. காலையில் திட்டிவிட்டு "அவங்களுக்கு எங்கே நினைவிருக்கப் போகுது" என்று சொல்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.


செவிலி_திருச்சி:

ஒப்புக்கொள்கிறேன், வலியை முதலில் பார்க்க வேண்டும். செய்முறையில் இரண்டுக்கும் ஒரே மாற்றம்தான். நம் வழக்கம் முதல் சொம்பைத் தலையில் ஊற்றுவது. இவர்களுக்குத் தலை கடைசி. முன்கையில் ஊற்றிச் சூடு பார்த்த தண்ணீரில் பாதம், பிறகு கை, பிறகு முதுகு. நனையாத பாகத்தில் துண்டு போர்த்தியே இருக்கட்டும். சொம்பு முடிந்தால் அவர் கையிலேயே. அவர் ஊற்றும்போது பயம் பாதி குறையும். முடியாத நாளில் வெந்நீரில் பிழிந்த துண்டால் போர்வைக்குள்ளேயே துடைத்துவிட்டாலும் உடம்பு சுத்தம்தான்.


தாம்பரம்_ஹோம்கேர்:

வீடுகளுக்கு உதவியாளர்களை அனுப்பி மேற்பார்வை செய்பவர்கள் எல்லாருக்கும் வரும் கேள்வி. "அம்மா... அம்மா..." என்று நாள் முழுக்கக் கூப்பிடுபவரை என்ன செய்வது? போனால் ஒன்றும் வேண்டாம் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் நின்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். சரியா?


யாழ்_உளவளம்:

கவனிக்காமல் விடுவது இந்த இடத்தில் தவறு, ஆபத்தும்கூட. கிடைத்துவந்த பலன் நின்றதும் நடத்தை முதலில் ஏறும், குரல் உயரும், கட்டிலிலிருந்து எழுந்து விழலாம். அந்த உச்சத்தில் யாராவது பொறுக்க முடியாமல் ஓடிப் போவார்கள். உரக்கக் கத்தினால் ஆள் வரும் என்பதுதான் அப்போது பதியும். சிலநேரம் போவது, சிலநேரம் போகாமலிருப்பது என்று மாறி மாறி நடந்தால், எளிதில் அணையாத பழக்கம் அதுவே. அதோடு, ஒருநாள் உண்மையிலேயே மூச்சுத் திணறிக் கூப்பிடுவார்.

முதலில் ஏழு நாள் குறிப்பு. மூன்று பத்தி: கூப்பிடுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எப்படிக் கூப்பிட்டார், உடனே என்ன கிடைத்தது. நேரமும் எழுதுங்கள். மாலை 4 மணிக்கு மேல் மட்டும் என்றால் வெளிச்சத்தையும் களைப்பையும் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் மட்டும் என்றால் பசி. திடீரென்று இந்த வாரம்தான் தொடங்கியது என்றால் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு. குறிப்பெழுதுவதை விட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஆள் துணைக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்தால், கூப்பிடும் முன்பே போங்கள். சராசரியாக 6 நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார் என்றால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே போய்த் தோளைத் தொட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. கூப்பிடாவிட்டாலும் ஆள் வரும் என்று ஆனபின் கூப்பிடுவதற்குத் தேவை குறைகிறது. அடங்கியதும் 7, 10, 15 என்று மெல்ல நீட்டுங்கள். நீட்டியதில் மறுபடி ஏறினால் பழைய அளவுக்கு வாருங்கள். புகானனும் ஃபிஷரும் 2002இல் டிமென்ஷியா முதியோரிடம் இதே வழியில் கூச்சலைக் குறைத்துக் காட்டினார்கள்.

ஒரு உதவியாளர் இரண்டு பேரைப் பார்க்கும் இடத்தில் 5 நிமிடம் முடியாது என்பீர்கள். உண்மைதான். மோசமான இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் செய்யுங்கள், மற்ற நேரத்தில் கைக்கு வேலை கொடுங்கள். துணி மடிப்பது, பூண்டு உரிப்பது போல அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை.


நரம்புநூல்:

எல்லா டிமென்ஷியாவும் அல்சைமர் இல்லை என்பதையும் சேர்த்துவிடுகிறேன். லூயி பாடி வகையில் தெளிவு மணிக்கு மணி மாறும். நல்ல நேரம் எது என்று ஒரு வாரம் பார்த்து அதில் மட்டும் பழக்குங்கள். அவர்கள் ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள் என்று ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். மூளையின் நெற்றி, பொட்டுப் பகுதிகளைத் தாக்கும் வகையில் (ஃப்ரான்டோடெம்போரல்) பாராட்டும் முகச்சிரிப்பும் பலனாக வேலை செய்யாமல் போகலாம். கையில் கிடைக்கும் பண்டம், பிடித்த பாட்டு போன்றவை சிலருக்கு வேலை செய்யும்.


முதியோர்நலம்_மதுரை:

ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. மாதம் ஒரு மகன் வீடு என்று முறை வைத்து அப்பா அம்மாவை அனுப்பும் குடும்பங்கள். மேலே பழக்கியவை எல்லாம் இடம் மாறியதும் காணாமல் போகிறதே, என்ன செய்வது?


பேச்சுப்பயிற்சி_கோவை:

இந்த வகைக் கற்றல் கற்ற இடத்தோடும் பொருளோடும் ஒட்டிக்கொள்கிறது. மரக்கை வைத்த நாற்காலியில் கை ஊன்றப் பழகியவர் சோபாவில் ஊன்ற மாட்டார். பொதுவிதியாக அவர் அதைக் கற்கவில்லை, அந்த நாற்காலிக்கு மட்டும் கற்றிருக்கிறார். அதனால் எங்கே செய்ய வேண்டுமோ அங்கேயே பழக்க வேண்டும், முன்னறையில் உட்கார்ந்து பாத்ரூம் பாடம் நடத்துவதில் பயனில்லை.

முறை வைப்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது. மகன்கள் மாறி மாறி இங்கே வந்து இருந்துவிட்டுப் போகலாம். முடியாதென்றால் மாத முறையை ஆறு மாத முறையாக்குங்கள். போகும்போது நாற்காலி, சொம்பு, பலகை, கேள்வி அட்டை நான்கும் கூடவே போகட்டும். கட்டிலை அந்த வீட்டிலும் சுவரின் அதே பக்கம் போடுங்கள், எழுந்ததும் எந்தக் கைப்பக்கம் கழிப்பறை என்பது மாறாமல் இருந்தால் இரவில் தடுமாற மாட்டார்.

போன அன்றே 15 வினாடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். நரம்புநூல் சொன்ன எச்.எம். போல இரண்டாம் முறை பெரும்பாலும் சீக்கிரம் வரும். முதல் வீட்டில் பத்து நாள் எடுத்தது அடுத்த வீட்டில் மூன்று நான்கு நாளில் பிடிக்கலாம். நோய் இதற்கிடையே ஒரு படி இறங்கியிருந்தால் பிடிக்காமலும் போகலாம். அந்தச் சில நாட்கள் அவர் எழும்போதும் உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.